அரைச் சுற்று அதிகம்

பிப். 10, திங்கள்

காலையில் நல்ல பனி. எட்டு மணி வரை மேற்கே மலையே தெரியவில்லை. கடைப் பூட்டு கையில் சில்லென்று.

நாளை அரியலூர், பல் டாக்டர். எடுத்துப்போக வேண்டியவை:

ஸ்கேன் கவர்
மாத்திரைச் சீட்டு
துண்டு இரண்டு
பழைய ஸ்குரூ (மறந்தால் பாதி வழியில் இறங்கித் திரும்பி வர வேண்டும். அவ்வளவு முக்கியம்.)

பழைய ஸ்குரூ பெருங்காய டப்பாவில் இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன் என் இடது மேல் கடைவாயில் ஒருவர் வைத்தது. அவர் பெயரை எழுதி இந்தப் பக்கத்தைக் கெடுக்க மாட்டேன். வெளியூர்க்காரர். ஏ.சி. அறை, மீன் தொட்டி. ஸ்குரூ மேல் உடனே பல்லையும் மாட்டி அனுப்பினார். மூன்றாம் மாதம் பல்லும் ஸ்குரூவுமாகக் கழன்று தட்டில் விழுந்தது. இட்லி சாப்பிடும்போது. கடலை கடித்து விழுந்திருந்தால்கூட ஒரு மரியாதை. இட்லி!

போய்க் கேட்டதற்கு, "ஒங்க எலும்பு தக்கை மாதிரி இருக்குங்க, நான் என்ன பண்றது?" என்றார். தக்கை என்பது துளை போடும் முன்னால் தெரியாதா? முப்பத்தெட்டு வருடமாக மோட்டாருக்குக் காயில் (உள்ளே இருக்கும் செம்புக் கம்பிச் சுற்று) கட்டுகிறேன். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு, எரிந்த மோட்டார் ஒன்றை நானே பிரித்து, சுற்று சுற்றாக எண்ணிக் கற்றுக்கொண்ட தொழில். எவனும் சொல்லித்தரவில்லை. கட்டிய காயில் எரிந்தால் விவசாயியின் கரண்டைக் குறை சொல்லி நான் தப்பித்ததில்லை.

அந்த ஆள் சீட்டில் எழுதியிருந்த டிரில் அளவு, என் வெர்னியரில் ஸ்குரூவின் அளவு, இரண்டும் ஏறக்குறைய ஒன்று. மண் சுவரில் ஆணி அடிக்கிறவன்கூடத் துளையைச் சின்னதாகத்தான் போடுவான்.

சாயந்திரம் கண்ணம்மா வழக்கம்போல. என் நாத்தனார், பக்கத்து வீடு. அறுபத்தாறு வயது, முப்பத்திரண்டு பல். அதைச் சொல்லாமல் அவளுக்கு ஒரு நாளும் முடியாது. நடுச்சுவரில் மோட்டார் ஒயர் போக நான் போட்ட ஓட்டை ஒன்று உண்டு. அதன் அந்தப் பக்கம் உட்கார்ந்து வறுத்த கடலை மெல்லுவாள். சத்தம் முழுவதும் என் பக்கம்தான் வரும்.

"இந்த வயசுல எதுக்கு அண்ணி இந்த வேல? கரைச்சுக் குடிச்சிட்டுப் போவீங்களா!"

"வருசக் கடைசிக்குள்ள ஒன் எதுத்தாப்புல ஒக்காந்து இடது பக்கமா கடல மெல்லல, என் பேர மாத்தி வெச்சுக்க."

"என்ன பேரு வெக்கறது?"

"நீயே யோசி."

யோசித்து வைத்திருக்கிறாளாம். இட்லியம்மா.

அரியலூர் டாக்டர் சென்ற வாரமே சொல்லிவிட்டார்: இதுவும் நிற்காவிட்டால் அந்த இடத்தில் இன்னொன்று வைக்க எலும்பு மிச்சம் இல்லை. இதுதான் கடைசி. கண்ணம்மாவிடம் சொல்லவில்லை.

பிப். 11, செவ்வாய்

பெரம்பலூரில் பஸ் மாறி, பத்தேகாலுக்கு அரியலூர். வழியெல்லாம் சுண்ணாம்புக்கல் லாரி. வெள்ளைத் தூசி.

டாக்டர் ஸ்டெல்லா. வரதராசன்பேட்டைப் பக்கத்துப் பெண், முப்பத்தைந்து இருக்கும். அதிகம் பேசமாட்டார். முன்னறையில் பெயர் எழுதும் பெண் தேவி மட்டும் எல்லாருக்கும் சேர்த்துப் பேசும்.

"பாட்டி, செருப்ப வெளிய விட்ருங்க."

"பாட்டி இல்ல. மெக்கானிக். சீட்டுலயும் அப்படியே எழுது."

எழுதவில்லை. பார்த்தேன்.

பெருங்காய டப்பாவைத் திறந்து காட்டினேன். டாக்டர் ஸ்குரூவை விளக்கில் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தொளை பெருசாப் போயிருக்கும்மா. பல்லையும் அவசரப்பட்டு வெச்சுட்டாங்க" என்றார். இரண்டு வருடம்! கடைசியில் ஒரு ஆளாவது சொன்னாரே. மரப்பு ஊசி போடும் முன்னாலேயே வலி பாதி போய்விட்டது.

என்ன செய்யப்போகிறார் என்று ஒவ்வொன்றாகச் சொன்னால்தான் வாயைத் திறப்பேன் என்றேன். சொன்னார். மறக்காமல் இருக்க எழுதி வைக்கிறேன்.

மேல் கடைவாய் எலும்பு முட்டை ஓடு மாதிரி. வெளியே மெல்லிய ஓடு, உள்ளே பஞ்சு, அதற்கும் மேலே கன்னத்துக்குள் ஒரு காற்றறை. காற்றறையின் தரையும் ஓடுதான், கெட்டி. பஞ்சில் பெரிய டிரில் விட்டால் இருக்கிற எலும்பையும் வழித்துக்கொண்டு வந்துவிடும். அதனால் முதலில் சின்ன டிரில், ஒரே முறை. அப்புறம் டிரில் கிடையாது. மழுங்கிய கம்பி. பென்சில் பருமன்கூட இல்லை. அதைத் துளையில் வைத்துச் சின்னச் சுத்தியால் தட்டுவது. பிறகு அதைவிடப் பருத்த கம்பி. பிறகு இன்னொன்று. எலும்பு வெளியே வராது, பக்கவாட்டில் நெருங்கி இறுகும். தளர்ந்த மண்ணைக் கடப்பாரையால் குத்திக் கெட்டிக்கிற வேலைதான். ஸ்குரூவும் வேறு மாதிரி: நுனி ஒடுங்கி, புரி அகலமாக, ஆழமாக. துளையைவிடப் பருமன். நுனி போய் அந்தக் காற்றறைத் தரையின் கெட்டி ஓட்டைக் கவ்வ வேண்டும். கீழே ஒரு ஓடு, மேலே ஒரு ஓடு, இரண்டு இடத்தில் பிடி.

இதைத்தான் நான் இரண்டு வருடமாகக் கேட்டேன். அந்த மீன் தொட்டிக்காரரிடம்.

தட்டும்போது வலி இல்லை. ஆனால் தலைக்குள் உட்கார்ந்து யாரோ அம்மி கொத்துவது போல. எண்ணினேன், முப்பத்தேழு தட்டு. பிறகு எவ்வளவு இறுக்கம் என்று எண் காட்டும் குட்டி ரெஞ்சால் ஸ்குரூவை மெல்ல மெல்லத் திருகினார். கை அவசரப்படவில்லை. நல்ல கை. என் கடையில் இருந்திருந்தால் சப்மெர்சிபிள் மோட்டாரே கொடுத்திருப்பேன்.

"பதினெட்டு காட்டுது. முப்பது வந்திருந்தா சந்தோசம். இந்த எலும்புக்கு இதே நல்லது. ஆனா ஆறு மாசம் அது மேல ஒரு பருக்ககூடப் படக் கூடாதும்மா."

மேலே மூடி போட்டு, ஈறை இழுத்துத் தைத்துவிட்டார். வாயில் பஞ்சு. பேச முடியவில்லை. தேவிக்கு அதில் மிகுந்த திருப்தி.

பிப். 12, புதன்

கன்னம் வீக்கம், பூசணிப் பிஞ்சு அளவு. படுத்து இடப்பக்கம் திரும்பினால் மேலே உத்தரம் சுற்றுகிறது. மூன்று முறை சோதித்தேன். இடப்பக்கம் மட்டும்தான். நிமிர்ந்து உட்கார்ந்தால் நின்றுவிடுகிறது.

டாக்டருக்குப் போன். தட்டின அதிர்ச்சியில் காதுக்குள் இருக்கும் குட்டித் துகள் இடம் மாறியிருக்கும், சிலருக்கு ஆகும், பயமில்லை, வந்தால் தலையை இப்படி அப்படித் திருப்பிச் சரி செய்துவிடலாம் என்றார். பேரிங் குண்டு நகர்ந்த மாதிரி.

கண்ணம்மா கேழ்வரகுக் கூழ் கொண்டு வந்தாள். நல்ல கூழ். கூடவே அவளும் வந்ததுதான் குறை.

"ஒலகமே ஒங்களச் சுத்துதுன்னு இத்தன நாளா சொன்னீங்க அண்ணி. இப்பத்தான் நெசமா சுத்துது."

சிரித்தால் தையல் இழுக்கிறது. சிரிக்க வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

பிப். 17, திங்கள்

தலைசுற்றல் நேற்றோடு போயிற்று. கடை திறந்தேன்.

பூலாம்பாடி செல்வராசு. சனிக்கிழமையும் வந்தான், நேற்றும் வந்தான், இன்றும் வந்தான். ஜனவரிக் கடைசியில் அவன் கிணற்றுமேட்டில் மோட்டாருக்குக் கான்கிரீட் பீடம் போட்டு, நாலு போல்ட்டு புதைத்துக் கொடுத்தேன். இருபத்தொரு நாள் தண்ணீர் ஊற்று, மோட்டாரை ஓட்டாதே என்று படித்துப் படித்துச் சொன்னேன். போல்ட்டு ஆடுதாம்.

சனிக்கிழமை: "ஓட்டவே இல்லக்கா. சத்தியமா."

ஞாயிற்றுக்கிழமை: "என் மச்சான் ஓட்டிருப்பான்."

இன்று: "மூணு நாள் ஓட்டிட்டேங்க்கா. வெங்காயம் வாடுச்சு."

"இத மொதல் நாளே சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா திட்டுவீங்க."

"இப்ப மட்டும் கொஞ்சப்போறனா?"

என் கடைச் சட்டம் ஒன்றுதான். என்ன செய்தாய் என்று உண்மையைச் சொல். பிறகுதான் கை வைப்பேன். பொய் சொன்னவன் மோட்டாரைத் திறந்தால் கோளாறு ஒரு இடத்தில் இருக்கும், நான் இன்னொரு இடத்தில் தேடுவேன். நேரம் போகும், சில சமயம் நல்ல காயிலையே அறுத்துப் போட வேண்டிவரும்.

இன்னொன்றும் சொல்லி அனுப்பினேன். நட்டு உட்கார்ந்த பிறகும் சுற்றினால், சுற்றுவது நட்டு இல்லை, போல்ட்டு. அப்போதே கையை எடுத்துவிட வேண்டும்.

ஆக. 4, திங்கள்

நடுவில் எழுதவில்லை. எழுத என்ன இருக்கிறது? வலப்பக்கம் மென்றேன், ஆறு மாதம். அவ்வளவுதான்.

ஆடிக் காற்று. பஸ் ஜன்னலை மூடினால் வேக்காடு, திறந்தால் அரியலூர் முழுவதும் கண்ணுக்குள்.

டாக்டர் ஈறைக் கொஞ்சமாகக் கீறித் திறந்தார். ஸ்குரூ அங்கேயே இருக்கிறது! அதில் ஒரு குச்சியை மாட்டி, தொடாமலே ஆட்டம் அளக்கும் கருவி ஒன்றைக் கிட்டே காட்டினார். எண் அதிகமானால் பிடி அதிகம். பிப்ரவரியில் தைக்கும் முன் இதே கருவி காட்டியது 52, இன்று 63.

"புடிச்சிருக்கும்மா. ஆனா முழுப் பிடி இல்ல. பல்லு வெச்சு, மெல்ல மெல்லத்தான் பாரம் ஏத்தணும்."

இப்போது ஸ்குரூவின் தலையில் சட்டைப் பொத்தான் போல ஒரு மூடி திருகியிருக்கிறது. ஈறு அதைச் சுற்றி வட்டமாக ஆறுமாம். இரண்டு வாரம் கழித்துப் பல்லுக்கு அளவு.

"நாக்காலகூடத் தொடாதீங்க."

"நான் எதுக்குத் தொடறேன்?"

கீழ்வரிசையில் இடது பக்கம் மூன்று பல் ஒன்பது வருடமாக (அந்த இட்லிப் பல் இருந்த மூன்று மாதம் போக) ஜோடி இல்லாமல் சும்மா நிற்கின்றன. அதுகளிடம் சொல்லிவைத்தேன், ஆள் வருகிறது என்று.

ஆக. 9, சனி

காலையில் காபி குடிக்கும்போது நாக்கில் பட்டது. பொத்தான் ஆடுகிறது. கண்ணாடியில் பார்த்தேன். மூடிதான். தளர்ந்திருக்கிறது.

போன் போட்டேன். தேவி. "டாக்டர் ஊர்ல இல்லீங்க. திங்கக்கெழம வாங்க. மூடி சில பேருக்கு லூசாகும், ஒண்ணும் ஆவாது. நீங்க மட்டும் தொட்றாதீங்க பாட்டி."

பாட்டி.

மூடியின் தலையில் ஆறு பட்டைக் குழி. மீட்டர் ஸ்குரூவுக்கு நான் வைத்திருக்கும் எல் சாவிக் கட்டில் ஆகச் சின்னது கச்சிதமாக உட்காரும் என்று பார்த்ததுமே தெரிந்தது. சாவியைப் பத்து நிமிடம் கொதிக்கும் தண்ணீரில் போட்டேன். கை கழுவினேன். ஜன்னலோரம் கண்ணாடி. டார்ச்சை ஒரு கையில் பிடித்து, மறு கையால் ஒரு முழுச் சுற்று, அப்புறம் கால் சுற்று, இறுகிவிட்டது. ஐந்து நிமிட வேலை. இதற்குத் திங்கட்கிழமை வரை காத்திருக்க வேண்டுமாம்.

மூடி உட்கார்ந்த பிறகும் அரைச் சுற்று போனது. சுருக்கென்று ஒரு வலி. புரி கடைசியாகப் படியும்போது அப்படிப் போவதுண்டு.

போவதில்லை.

ஆக. 10, ஞாயிறு

கொஞ்சம் வலி. பெரிதாக இல்லை. ரசம் சாதம், வலப்பக்கம்.

கண்ணம்மா சுவர் ஓட்டை வழியாக: "என்ன அண்ணி, இன்னைக்கு யாரையும் திட்டலயே. ஒடம்பு சரியில்லயா?"



ஆக. 11, திங்கள்

அரியலூர். டாக்டர் மூடியைத் தொட்டுப் பார்த்தார், இறுகி இருக்கிறது என்றார். கழற்றிவிட்டு அந்தக் குச்சியை மாட்டிக் கருவியைக் காட்டினார். 44. மறுபடி காட்டினார். 44. ரெஞ்சால் லேசாகத் திருப்பியதும் எனக்கு வலித்தது. முகமூடிக்கு மேலே கண் மட்டும் தெரியும். அதுவே போதும்.

"கெட்டியா ஏதாவது கடிச்சீங்களாம்மா?"

"இல்ல." உண்மை.

"யாராச்சும் கை வெச்சாங்களா?"

"இல்ல."

சொல்லிவிட்டேன். வாய் முந்திக்கொண்டது. தேவி வேறு கதவோரம் நின்றது.

டாக்டர் நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். தானாகவே பிடி விட்டிருந்தால் வைத்திருக்கக் கூடாது, சீழ் வைத்து மிச்ச எலும்பையும் தின்றுவிடும், வியாழக்கிழமை எடுத்துவிடலாம் என்றார். பிறகு சொன்னதுதான் இன்னும் காதில் இருக்கிறது.

"என் கணக்குத்தாம்மா தப்பு. இந்த எலும்புக்கு இன்னும் ரெண்டு மாசம் மூடியே வெச்சிருக்கணும். அவசரப்பட்டுத் தொறந்துட்டேன். மன்னிச்சுக்குங்க."

அந்த மீன் தொட்டிக்காரர் தன் தப்பை என் எலும்பின் மேல் போட்டார். இந்தப் பெண் என் தப்பை எடுத்துத் தன் மேல் போட்டுக்கொள்கிறது. நான் தலையாட்டிவிட்டுப் பஸ் ஏறி வந்துவிட்டேன்.

பெரம்பலூரில் பஸ் மாறும்போது மூடியை நாக்கால் தொட்டுப் பார்த்தேன். தொடக் கூடாது என்றிருக்கிறார். தொட்டேன்.

ஆக. 12, செவ்வாய்

காற்று குறையவில்லை. கடைத் தகரம் படபடவென்று.

பத்து மணிக்குச் செல்வராசு. பைக்கில் பின்னால் கட்டிய மோட்டார், எரிந்த வார்னிஷ் வாடை தெருமுனையிலேயே வந்தது. நான் வாயைத் திறக்கும் முன்னால்:

"அக்கா, ரெண்டு பேஸ்லதான் ஓட்டுனேன். மூணு பேஸ் கரண்டுல ஒண்ணு போயிடுச்சு. கெப்பாசிட்டர் போட்டு ராவெல்லாம் ஓட்டுனேன். என் தப்புதான். திட்டிட்டுத் தொறங்க."

"கேக்காமயே சொல்ற?"

"நீங்கதானே சொன்னீங்க, பொய் சொன்னா நல்ல காயிலயும் அறுக்க வேண்டி வரும்னு."

திட்ட வரவில்லை. உள்ளே வை என்றேன். பயந்துபோய்விட்டான். "அக்கா, திட்டலயா? மோட்டாரு அவ்ளோ மோசமா?"

அவன் போன பிறகு சுவர் ஓட்டையில் குரல்.

"அண்ணி."

"என்ன?"

"ஊரையே நிக்க வெச்சு நீ என்ன பண்ணுனன்னு கேக்குறீங்க. சனிக்கெழம காலைல ஒரு கைல டார்ச்சு, ஒரு கைல குச்சிச் சாவி, வாயத் தொறந்துகிட்டு ஜன்னலோரம் நின்னீங்களே. அத அந்த டாக்டருகிட்ட சொன்னீங்களா?"

அந்த ஓட்டையைச் சிமெண்டு வைத்து அடைக்க வேண்டும். பலமுறை நினைத்தது.

"சொல்லல" என்றேன்.

கடலை மெல்லும் சத்தம் நின்றது. பிறகு அவளுக்கு வழக்கமில்லாத குரலில், "நாளைக்கே போய்ச் சொல்லிடுங்க. நானும் கூட வரட்டா?" என்றாள்.

"வேண்டாம். நீ வந்தா அங்க ஒக்காந்து பல்ல எண்ணிக் காட்டுவ."

ஆக. 13, புதன்

வரச் சொன்ன நாள் இல்லை. போனேன். தேவி, "நாளைக்குத்தானே பாட்டி?" என்றது. பாட்டி இல்லை, மெக்கானிக் என்று இன்று சொல்ல எனக்கு வக்கில்லை.

கைப்பையிலிருந்து எல் சாவியை எடுத்து டாக்டர் மேசையில் வைத்தேன். "சனிக்கிழம காலைல. ஒரு முழுச் சுத்து, கால் சுத்து, மூடி ஒக்காந்துருச்சு. அதுக்கப்புறம் அரச் சுத்து. ஒக்காந்தது எனக்குத் தெரியும். தெரிஞ்சும் நிறுத்தல. ஒங்க கணக்கு தப்பில்ல. கை என்னுது."

டாக்டர் சாவியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சாவியைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தவர் முகமூடியைக் கழற்றிக் கண்ணைத் துடைக்கும் வரை நிறுத்தவில்லை. சிரித்து முடித்ததும் திட்டினார். நல்ல திட்டு, வரிசையாக, ஒன்றைக்கூட விடவில்லை. நான் செல்வராசுவைத் திட்டுவதில் பாதி அதில் இருந்தது. உட்கார்ந்து கேட்டேன்.

அப்புறம், "இத முந்தாநேத்தே சொல்லியிருந்தா எடுக்கணும்னே சொல்லியிருக்க மாட்டேனேம்மா!" என்றார்.

எனக்குப் புரியவில்லை. விளக்கினார். தானாக விட்ட பிடி வேறு, பலமாகத் திருகி விட்ட பிடி வேறு. தானாக விட்டதென்றால் எலும்பு அதை வேண்டாம் என்று தள்ளுகிறது. திருகி விட்டதென்றால் எலும்பு நல்ல எலும்புதான், ஒட்டு மட்டும் அறுந்திருக்கிறது. எக்ஸ்ரே படத்தில் ஸ்குரூவைச் சுற்றிலும் கருப்பு இல்லை, சீழ் இல்லை, ஸ்குரூ சுற்றுகிறதே தவிர பக்கவாட்டில் ஆடவில்லை. மறுபடி ஈறுக்குள் புதைத்து மூன்று மாதம் விட்டால் திரும்ப ஒட்டலாம்.

"ஒட்டுமா?"

"பாதிக்குப் பாதி. கை வெச்சா அதுவும் இல்ல."

உடனேயே மூடியைக் கழற்றி, தட்டை மூடி போட்டு, தைத்துவிட்டார். நாளைக்கு எடுத்துப் போட இருந்த ஸ்குரூ. என் ஒரு பொய்க்கு நல்ல காயில் அறுபட இருந்தது.

சாவி அவர் மேசை டிராயரில். "பல்லு வெச்சப்புறம் தருவேன்" என்றார். பள்ளிக்கூடத்தில் கோலிக்குண்டைப் பிடுங்குகிற மாதிரி. சாவிக் கட்டில் ஒன்று குறைகிறது. குறையட்டும்.

நவ. 17, திங்கள்

மழை. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் முழங்கால் நனைந்தது. கண்ணம்மா சொல்லாமல் கொள்ளாமல் கூடவே ஏறிவிட்டாள். குடை அவளுடையது என்பதால் இறக்கிவிட முடியவில்லை.

மூன்று மாதம் தொடவில்லை. நாக்கை வலப்பக்கம் வைத்தே தூங்கிப் பழகினேன்.

ஈறைத் திறந்தார். குச்சியை மாட்டினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். கருவி கீச்சென்றது. டாக்டர் கருவியைத் திருப்பிப் பிடித்தார். இன்னொரு பக்கத்திலிருந்து. கீச்.  நான் கண்ணைத் திறந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அறுபத்தொம்போது" என்றார்.

ரெஞ்சு வைத்தார். மெல்லத் திருப்பினார். எண் ஏறுகிறது, ஸ்குரூ அசையவில்லை. வலியும் இல்லை. இன்னும் கொஞ்சம். அசையவில்லை. பீடம் காய்ந்த போல்ட்டு கையில் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இன்று அதே கெட்டியை மண்டைக்குள்ளிருந்து கேட்டேன்.

வெளியே கண்ணம்மா தேவியிடம் தன் பல்லை எண்ணிக் காட்டிக்கொண்டிருந்தாள். நான் சொன்னேன் இல்லையா.

டிச. 22, திங்கள்

பல் வைத்தாயிற்று! கீழ்ப்பல்லோடு படும்போது டக்கென்று ஒரு சத்தம். பத்து வருடம் ஆகப்போகிறது, அந்தச் சத்தம் மறந்தே போயிருந்தது. வரும் வழியெல்லாம் டக் டக்.

முன்னறையில் காகித நட்சத்திரம் தொங்குகிறது. கிளினிக்கே அமைதி. பல் கடையும் மிஷினுக்குக் காற்று தரும் கம்ப்ரெசர் மோட்டார் நின்றுபோய், என் வேலைக்கு மட்டும் பக்கத்துக் கடையில் இரவல் வாங்கி வைத்திருந்தார்கள். டாக்டர் கொஞ்சம் தயங்கி, "அம்மா, ஒரு பார்வ பாக்குறீங்களா? தானா நின்னுடுச்சு" என்றார்.

"தானாவா?"

"ஆமா."

"யாராச்சும் கை வெச்சாங்களா?"

டாக்டர் தேவியைப் பார்த்தார். தேவி நட்சத்திரத்தைப் பார்த்தது.

"சத்தம் வந்துச்சுன்னு மேல ஒரு ஸ்குரூவ முறுக்கினேன்" என்றார் டாக்டர். "நாந்தான். கொஞ்சம் அதிகமா."

 நான் சிரிக்கவில்லை. டிராயரிலிருந்து என் சாவியைக் கொடுங்கள் என்று கையை மட்டும் நீட்டினேன். இருபது நிமிடத்தில் ஓடியது.

ஒரு வாரம் மெத்தென்றுதான் சாப்பிட வேண்டுமாம். கடலை முப்பதாம் தேதி.

கண்ணம்மா: "இருவத்திரெண்டு போயிடுச்சு, வருசம் முடியுது. இட்லியம்மா, ரெண்டு இட்லி வெக்கட்டா?"

வை என்றேன். மெத்தென்று இருக்கும்.

டிச. 27, சனி

கைக்கெட்டும் தூரத்தில் கடலைத் தட்டை வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். வேண்டுமென்றே. தொடவில்லை.

செல்வராசு புது பீடத்துக்கு அச்சு போடச் சொல்லி வந்தான். இருபத்தொரு நாள் என்றேன். "முப்பது நாளே விடறேங்க்கா" என்றான்.

டிச. 30, செவ்வாய்

வெயில் இதமாக. கடையை நாலு மணிக்கே சாத்தினேன்.

கண்ணம்மா வீடு. எதிரெதிராக இரண்டு நாற்காலி. வறுத்த கடலை, தோலோடு, அவளே வறுத்தது. முதல் கடலையை அவளே பொறுக்கி எடுத்து நீட்டினாள். ஆகப் பெரியது, ஆகக் கெட்டியானது. இடது பக்கம் போட்டேன். கடித்தேன்.

உடைந்தது. கடலைதான்.

இரண்டாவது. மூன்றாவது. ஒரு பிடி.

கண்ணம்மா மெல்லுவதை நிறுத்திவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது, கடலைத் தோல் பொடி என்றாள், நம்பினேன்.

"எப்பிடி இருக்கு அண்ணி?"

"பேசாத. மெல்லுறேன்."